விதவை என்று எழுதிக்கொள்ளுங்கள்

அத்தியாயம் 17

போன வாரம் ஹியூ டன்லாப் பதில் சொல்லாமல் எழுந்து குதிரை லாயத்துக்குப் போனதோடு விட்டிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் மருமகள் கெசியாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கெசியா அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வந்து, உங்க மகன் செத்துட்டான்னு சாட்சி சொல்லுவீங்களா மாமா?" ஒரு தகப்பனிடம் கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் கெசியாவுக்கு வேறு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்டர் துறையில் இருக்கும் கறுப்புச் சேவல் விடுதியின் லைசென்ஸ் லெமுவேல் டன்லாப் பெயரில் இருந்தது. லெமுவேல் இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னால் தட்டைப் படகில் மாவும் உப்புக்கண்டமும் ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போனவன். போனவன் போனவன்தான். கடுதாசி இல்லை, சேதி இல்லை. லைசென்ஸோ வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. போன வருஷம் "வந்துடுவான்" என்று சொல்லி வாங்கியாயிற்று. இந்த வருஷம் கோர்ட் கையை விரித்துவிட்டது. புருஷன் உயிரோடு இருக்கிற பெண்ணின் கையெழுத்து, லைசென்ஸுக்கு எழுதித் தரும் ஜாமீன் பத்திரத்தில் செல்லாதாம். விதவையின் கையெழுத்து செல்லுமாம். எந்தப் புண்ணியவான் எழுதின சட்டமோ தெரியாது.

"மாமனார் பெயரில் எடுத்தால் என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஹியூ எட்டு வருஷத்துக்கு முன் லைசென்ஸ் இல்லாமல் விஸ்கி விற்று மாட்டியவர். அவர் பெயரைச் சொன்னாலே நீதிபதிக்குத் தும்மல் வரும். அந்த அவமானத்துக்குப் பிறகு மனிதர் அடியோடு மாறி, தேவாலய சபையில் மூப்பரும் ஆகிவிட்டார். இப்போது குதிரை விற்கும்போதுகூட அதன் வயதைச் சரியாகச் சொல்லிப் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவரிடம்தான் கெசியா பொய்ச் சாட்சி கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது.

கெசியா வாணலியில் பன்றிக் கொழுப்பை உருக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் மாடு ஓட்டிவந்தவர்கள் ஆறு பேர் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஓரின் கிழவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா கெசியா, கை என்ன இப்படிக் கருத்துக் கிடக்கு? ராவோட ராவா கரி மூட்டத்துக்கு வேலைக்குப் போனியா?"

"வால்நட் சாயம் தாத்தா."

"எதுக்கு?"

"துணிக்கு."

ஓரின் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வால்நட் தோலையும் துருப்பிடித்த ஆணியையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். பழுப்புத் துணி ஒன்றைக் கறுப்பாக்க. வீட்டில் சாவு விழுந்தால் செய்கிற வேலை.

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எப்பம்மா சேதி வந்துச்சு?"

கெசியா அடையைத் திருப்பிப் போட்டாள். "சேதி ஒண்ணும் வரல. சாப்பிடுங்க."

பின்கட்டில் அந்தக் கறுப்பு உடுப்பு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதாவது, தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கெசியா போய்ப் பார்த்தபோது கொடி காலி. மூத்த மகள் ரோடா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றாள். பன்னிரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். அப்பனின் தாடை அப்படியே அவளுக்கு.

"குடு ரோடா. நேரமாச்சு."

"அப்பா செத்துட்டாரா?"

"இல்லடி."

"அப்புறம் இது எதுக்கு?"

"கோர்ட்டுக்கு மட்டும்தான்."

"கோர்ட்டுக்கு மட்டும் ஒருத்தர் எப்படிம்மா சாவாங்க?"

 கெசியா எட்டி உடுப்பைப் பிடித்தாள். ரோடா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஈரத் துணியில் இருந்து சாயம் வழிந்து இருவர் முழங்கை வரைக்கும் ஓடியது. சின்னவள், நாலு வயது மில்லி, இதை விளையாட்டு என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தது.

"இன்னிக்கு லைசென்ஸ் வரலேன்னா ஆகஸ்ட் வரைக்கும் கோர்ட் கிடையாது. நாலு மாசம் அடுப்பு மூடிக் கிடக்கணும். அதுக்கப்புறம் இந்த ரோட்டுல எவனும் நம்ம வாசல்ல நிக்கமாட்டான், எல்லாரும் ஹார்லன்பரோவுல ஐசக் பெல்ட்டோட விடுதிக்குப் போய்ப் பழகிடுவாங்க. புரியுதா?"

"நீ சொன்னா அது பலிச்சிடும்மா," என்றாள் ரோடா.  "கடவுள் மேல கைய வச்சு நீ அப்பா செத்துட்டாருன்னு சொன்னா, அப்பா எங்க இருந்தாலும் செத்துடுவாரு."

உடுப்பை விட்டுவிட்டு அவள் ஓடிப்போனாள். பெற்றவளுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. தைத்த சொல்லோடு ஈர உடுப்பையும் மாட்டிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்தால் ஆச்சரியம். ஹியூ இரண்டு குதிரைக்குச் சேணம் கட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது மைல் வழி. மூன்று மைல் போயிற்று. கெசியாவுக்குத்தான் முதலில் பொறுமை போனது.

"மாமா, நீங்க என்னைத் தடுக்கத்தானே வர்றீங்க?"

ஹியூ குதிரையைத் தட்டிவிட்டார்.

"நான் சொல்லப்போறது பொய்தான். ஒத்துக்கறேன். அவர் திரும்பி வந்த அன்னிக்கே நானே கோர்ட்டுக்கு நடந்துபோய், பொய் சொன்னேன்னு சொல்லி, குடுக்கற தண்டனைய வாங்கிக்கறேன். உங்களச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். நீங்க வாய மட்டும் திறக்காம இருந்தாப் போதும்."

"உனக்கு யாரு இந்த யோசனையச் சொன்னா?"

"ஐசக் பெல்ட். நம்ம மேல இரக்கப்பட்டு வந்து சொன்னாரு. அவரே ஜாமீனும் நிக்கறேன்னாரு."

"போட்டிக் கடைக்காரன் நம்ம கடை திறக்கறதுக்கு ஜாமீன் நிக்கறானா?"

"உலகத்துல நல்லவங்களே இருக்கக் கூடாதா மாமா?"

ஹியூ கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓடையில் குதிரைகள் தண்ணீர் குடிக்க நின்றன. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கெசியா, போன செப்டம்பர்ல நீ மாவு அரைக்கப் போயிருந்தப்ப..." என்று தொடங்கினார். அவளுடைய குதிரை தண்ணீர் குடித்து முடித்துக் கரை ஏறிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. போ."

ஒரு மனிதர் ஒரு வார்த்தையை ஏழு மாதம் மென்றுகொண்டிருந்தால் அது எட்டாவது மாதத்தில் சுலபமாகவா வெளியே வரும்?

ஹார்லன்பரோவில் கோர்ட்டுக்கென்று கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஐசக் பெல்ட்டின் விடுதி மாடியில்தான் கோர்ட் கூடும். கீழே குடி, மேலே நீதி. நீதிபதிகளுக்குத் தாகம் எடுத்தால் தூரம் போக வேண்டாம். மாடிப்படியில் பெல்ட்டே நின்று கெசியாவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். சதைப்பற்றுள்ள, சிரித்த முகம்.

"தைரியமா சொல்லுங்கம்மா. ஒரே வார்த்தை. முடிஞ்சு போச்சு."

குமாஸ்தா மூக்கால் பேசுகிறவர். "ஆல்டர் துறை விடுதி. லைசென்ஸ் புதுப்பிக்க மனு," என்று கூப்பிட்டார்.

நடுவில் உட்கார்ந்திருந்த தலைமை நீதிபதி ஆம்ப்ரோஸ் டில் கெட்டவர் இல்லை. கெசியாவின் வாத்து வறுவலை மூன்று முறை சாப்பிட்டவர், மூன்று முறையும் புகழ்ந்தவர்.

"வாம்மா. உன் வீட்டுக்காரர் எங்க?"

கெசியா வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். கை கறுப்பாக இருந்தது. விரல் இடுக்கில் இன்னும் ஈரம். புத்தகத்தின் தோல் அட்டையில் நாலு விரலும் பதிந்தன. நீதிபதி அதைப் பார்த்தார். பிறகு அவள் உடுப்பின் ஓரத்தைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு சொட்டு பலகைத் தரையில் விழுந்தது.

"சாயம் இன்னும் காயலயேம்மா," என்றார் மெதுவாக.

பின்னால் யாரோ கனைத்தார்கள். இன்னொருவன் சிரித்தான். கெசியாவின் முகம் எரிந்தது. அவள் வழி நெடுக மனப்பாடம் செய்து வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. என் புருஷன் லெமுவேல் டன்லாப் இறந்துவிட்டார். ஐந்தே வார்த்தைகள். முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டாள். இரண்டாவதையும் சொன்னாள். மூன்றாவது அவன் பெயர், அதில் நின்றாள். மகள் சொன்னது காதில் கேட்டது. எங்கோ ஒரு ஊரில், ஒரு படகுத்துறையில், அவன் மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிறான். இவள் வாயைத் திறந்தால் அப்படியே விழுவான்.

"சொல்லும்மா."

"எனக்கு... என்னால முடியாதுங்க ஐயா." கையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டாள். "எனக்குத் தெரியாது. அவர் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. அதுதான் நெசம்."

போச்சு. விடுதி போச்சு. அவளுக்கே தெரிந்தது. பெல்ட் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"அவள விடுங்க. நான் சொல்றேன்."

ஹியூ முன்னால் வந்து, மருமகளின் விரல் தடம் ஈரமாக இருந்த அதே இடத்தில் கையை வைத்தார். "என் மகன் லெமுவேல் செத்துட்டான்."

கெசியாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குதிரையின் வயதில் ஒரு வருஷம் குறைத்துச் சொல்லாத மனிதர், அவளுக்காக, பேத்திகளுக்காக, தன் ஆத்துமாவையே நெருப்பில் போடுகிறாரே! அந்த நிமிஷம் அவள் மாமனாரை நேசித்தமாதிரி யாரையும் நேசித்ததில்லை.

"எப்ப? எங்க?" என்றார் நீதிபதி.

"போன ஆகஸ்டுக்கு முந்தின ஆகஸ்ட். நாட்செஸ்ங்கற ஊர்ல. காய்ச்சல்."

"நீர் பார்த்தீரா?"

"கூடப் போன படகுக்காரன் ஒருத்தன் பார்த்தான். அவன்தான் குழி வெட்டினான். போன செப்டம்பர்ல ஊர் திரும்பற வழியில எங்க வாசல்ல வந்து சொன்னான். மருமக அன்னிக்கு மாவு அரைக்கப் போயிருந்தா."

பொய்யைக்கூட எவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறார் என்றுதான் கெசியா இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"படகுக்காரன் சொன்னான்," ஹியூவின் குரல் உடைந்தது. "கடைசி ரெண்டு நாள் பையனுக்கு நினைவு இல்லையாம். ஒரே விஷயத்தத்தான் திரும்பத் திரும்பச் சொன்னானாம். பின்கதவுத் தாழ்ப்பாளச் சரிபண்ணாம வந்துட்டேன், கெசியா திட்டுவா, கெசியா திட்டுவான்னு."



லெமுவேல் கிளம்புகிறதற்கு முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் சண்டை. படுக்கையில், போர்வைக்குள், பிள்ளைகள் விழிக்கக்கூடாதென்று கிசுகிசுத்துக்கொண்டே போட்ட சண்டை. ஒரு தாழ்ப்பாளைப் போடத் துப்பில்லாதவன் ஆயிரம் மைல் படகு ஓட்டப் போகிறானாம் என்று அவள் சொன்னாள். அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அது அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மாமனாருக்குத் தெரிய வழியே இல்லை.

கெசியா மேசையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. "நெசமா மாமா?" என்று மட்டும் கேட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஹியூ தலையை ஆட்டினார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 நீதிபதி குமாஸ்தா பக்கம் திரும்பினார். "விதவை என்று எழுதிக்கொள்ளுங்கள்."

இறகு காகிதத்தில் கீறியது. லெமுவேல் டன்லாப்பின் விதவை கெசியா டன்லாப், தமது வீட்டில் ஒரு வருஷ காலத்துக்கு விடுதி நடத்த அனுமதிக்கப்படுகிறார். நல்ல சாப்பாடும் சுத்தமான படுக்கையும் கொடுக்கவேண்டியது. சூதாட்டம் அனுமதிக்கக் கூடாது. ஜாமீன்: ஐசக் பெல்ட். காட்டிய இடத்தில் கெசியா கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார்கள். ஒரு மாதமாக எதற்காக ஏங்கினாளோ அது கைக்கு வந்தது. அது என்ன என்றே அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அவள் படியிறங்கத் திரும்பினாள். குமாஸ்தா புதுக் காகிதம் ஒன்றில் ஒரு வரி எழுதி, அதை மூக்கால் படித்தார்.

"அடுத்தது. காலஞ்சென்ற லெமுவேல் டன்லாப்பின் அநாதைகள்."

கெசியா நின்றாள். எந்த அநாதைகள் என்று சுற்றிலும் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள், பாவம்.

"அநாதைங்களா? எம்பிள்ளைங்களுக்கு நான் இருக்கேனே!"

"நீ இருக்கேம்மா," என்றார் நீதிபதி. அவருக்கும் சங்கடம்தான். "சட்டத்துல தகப்பன் செத்தா பிள்ளைங்க அநாதைங்க. வீடும் நிலமும் இனிமே அவங்களோடது. நீ இருக்கற வரைக்கும் அதுல மூணுல ஒரு பங்க அனுபவிக்கலாம். மிச்சத்தப் பார்த்துக்க ஒரு கார்டியன் போடணும்."

"என்னையே போடுங்க."

"பொம்பளையப் போடற வழக்கம் இந்தக் கோர்ட்டுல இல்லம்மா."

"தாத்தா இருக்காரே!"

நீதிபதி ஹியூவைப் பார்த்தார். தும்மல் வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது. "ஏற்கெனவே ஒரு தடவை இங்க தண்டனை வாங்கினவர். இப்ப மகன் சாவ ஏழு மாசம் மறைச்சேன்னு தன் வாயாலயே சத்தியம் பண்ணிட்டாரு. அவர நான் எப்படிம்மா போடறது?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். லைசென்ஸுக்காக வாங்கின ஒரு சொல், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"வேற யாராவது பொறுப்பான ஆள் முன்வந்தா..." என்று நீதிபதி இழுத்தார்.

"அந்தக் குடும்பத்துக்காக நான் இருக்கேனுங்க," என்று ஒரு குரல் வந்தது.

ஐசக் பெல்ட். தொப்பி கையில், முகத்தில் துக்கம், குரலில் பணிவு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததை நாம் கதையில் கேட்டிருக்கிறோம். கெசியா அன்று நேரில் பார்த்தாள். விதவை என்று சொல்லிவிடுங்கள் என்று வீடு தேடி வந்து சொன்ன வாய் அது. கார்டியன் கையில் நிலம் இருந்தால், அந்த நிலத்தின் மேல் நிற்கும் விடுதி அடுத்த வருஷம் யார் சொல்லுக்கு ஆடும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம்.

"ஆகஸ்ட் கோர்ட்டுல முடிவு பண்ணலாம்," என்றார் டில். "பெரியவளுக்கு வயசு என்ன?"

"பன்னெண்டு முடிஞ்சிடுச்சு."

"அப்ப அவளுக்கு உரிமை இருக்கு. யார் கார்டியன்னு அவளே வந்து சொல்லலாம், கோர்ட் கேட்டுக்கும். சின்னவளுக்கு நாங்கதான் பார்த்து வைக்கணும்."

 திரும்பும் வழியில் ஓடையில் இறங்கியதும் கெசியா குதிரையை நிறுத்தினாள்.

"ஏழு மாசம் மாமா! ஏழு மாசமா தினம் சாயங்காலம் நான் ரோட்டப் பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்களும் லாய வாசல்ல நின்னு, நான் நிக்கறதப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே!"

"நீ நம்பிக்கையா இருந்தே. அதக் கெடுக்க மனசு வரலம்மா."

"பொய் சொல்லாதீங்க."

ஹியூ தலை குனிந்தார். "ஆமா. பொய்தான். நீ பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பென்சில்வேனியாவுக்கு, உங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு பயந்தேன். அவன் போயிட்டான். நீங்களும் போயிட்டா, எனக்கு யாரு இருக்கா?"

"அவர நான் அழுதாவது இருப்பேனே. அதுகூட எனக்குக் குடுக்கலயே நீங்க."

கிழவர் குதிரைமேல் உட்கார்ந்தபடியே அழுதார். தோள் மட்டும் குலுங்கியது. கெசியாவுக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "வாங்க. இருட்டறதுக்குள்ள போயிடலாம்," என்றாள்.

ஆல்டர் துறை வந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வேலியருகே ரோடா காத்திருந்தாள். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வழியெல்லாம் கெசியா யோசித்துக்கொண்டு வந்தது இதைத்தான். முதலில் மகளை உள்ளே கூட்டிப்போக வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஆகஸ்டில் அவள் கோர்ட்டுக்கு வந்து நிற்கவேண்டியிருக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

குதிரை நிற்பதற்குள் ரோடா ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"சத்தியம் பண்ணிட்டியா?"

கெசியா மகளைப் பார்த்தாள். "இல்லடி," என்றாள். "நான் பண்ணல. என்னால முடியல."

மேலே சொல்ல வாயைத் திறந்தாள். திறக்க விட்டால்தானே! ரோடா அவள் காலைக் கட்டிக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்! நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா! காலையில நான் பேசினதுக்கு மன்னிச்சிடும்மா!"

"ரோடா, இரு, நில்லு..."

அவள் நிற்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக விடுதிக்குள் ஓடினாள். உள்ளே மாட்டுக்காரர்கள் ஆறு பேரும் காலையிலிருந்து நகரவில்லை. லைசென்ஸ் வரும்வரை குடி கிடையாது என்று சொல்லப்பட்டதால் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

"எங்கப்பா சாகல!" ரோடாவின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. "அம்மா கோர்ட்டுல சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க! எங்கப்பா வருவாரு!"

உள்ளே ஒரே கும்மாளம். மேசையைத் தட்டினார்கள். கெசியா விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, ஓரின் கிழவர் மில்லியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். கெசியா கையில் இருந்த மடித்த காகிதம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"லைசென்ஸும் வந்துடுச்சா? சபாஷ்! அந்தப் பெல்ட்டோட மூஞ்சி எப்படி இருந்துச்சு? ஊத்தும்மா, ஊத்து. உன் வீட்டுக்காரன் பேரச் சொல்லிக் குடிக்கறோம், ஊத்து!"

ஏழு குவளைகள் நீண்டன. ஏழாவது ரோடாவுடையது, தண்ணீர்க் குவளை. எல்லோரையும்விட உயரமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

ஹியூ வாசற்படியிலேயே நின்றுவிட்டார். 

கெசியா காகிதத்தை மேசைமேல் வைத்தாள். அதில் 'விதவை' என்று எழுதியிருந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்தாள். ஜாடியை எடுத்தாள். ஓரினின் குவளையில் ஊற்றியதில் பாதி வெளியே சிந்தியது.

"லெமுவேல் டன்லாப் நல்லபடியா வீடு வந்து சேரணும்!" என்றார் கிழவர்.

"சேரணும்!" என்றார்கள் எல்லோரும்.

ரோடா மடமடவென்று குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கெசியா அவளையே பார்த்துக்கொண்டு அடுத்த குவளைக்கு ஊற்றினாள்.